நஞ்சும் மருந்தும்

"சாமி, நஞ்சென்று அறிந்தே அம்மாவுக்கு ஏற்றச் சம்மதிப்பது பாவமாகாதா?" ஊத்துக்கோட்டையில் திருப்பலி முடிந்தபின் ஓர் இளைஞர் இவ்வாறு வினவினார். அவருடைய தாய்க்குச் சென்னையில் ஏற்றப்படும் புற்றுநோய் மருந்து டாக்ஸோரூபிசின், குருதிபோல் சிவந்தது.

அதன் பிறப்பிடம் மண். 1950-களில் தென் இத்தாலியின் காஸ்தெல் தெல் மோந்தே என்னும் பழங்கோட்டையருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று டானோரூபிசினைத் தந்தது. அவ்வுயிரின் மாற்றுவகையிலிருந்து 1960-களில் இம்மருந்து கிடைத்தது. பெருகும் உயிரணுக்களின் டி.என்.ஏ. இழைக்குள் புகுந்து அவற்றை மடியச் செய்யும், முடியையும் உதிர்க்கும். இதயத்தையும் மெல்லத் தளர்த்தும். ஆகவே உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு மொத்தம் 550 மில்லிகிராமைக் கடக்க மருத்துவர் அஞ்சுவர், புற்று எஞ்சியிருந்தாலும்.

ஒரே செயலில் கருதிய விளைவும் கருதாத விளைவும் இருக்கக்கூடும் எனத் தற்காப்பைப் பற்றிய பகுதியில் புனித தோமா அக்குவினார் பிரித்துக் காட்டினார். இங்கே நாடுவது நலம். இதயத் தளர்ச்சி அந்நலத்துக்கு வழியன்று, உடன்வரும் தீங்கு. (முடி உதிர்வதையும் சிறு தீங்கென்று ஆண்களாகிய நாம் சொல்லிவிடலாகாது.) எனவே பாவமில்லை என்றேன். ஆயினும் நலத்தையும் தீங்கையும் நிறுக்கும் தராசு யார் கையில் இருக்க வேண்டும்? சுமப்பவர் கையில் அல்லவா?

"அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டேன்.

நோயின் பெயரையே அவர்களிடம் இன்னும் சொல்லவில்லையாம்.