இடிபாடும் ரசனையும்

இடிபாடு தானாக நேர்வது என்று நினைத்துக்கொள்கிறோம். ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றேறி, பார்த்தெனான் முன் நிற்கிற பயணியும் அப்படித்தான் நினைக்கிறான். கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய கோயில், பின்னர் தேவாலயமாயிற்று, பின்னர் மசூதி. 1687இல் வெனிஸ் படையின் குண்டு, துருக்கியர் உள்ளே வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்தது. அது யுத்தத்தின் காரியம். இடிபாட்டுக்குள் பிறகு எழுந்த சிறு மசூதியை 1840களில் அகற்றியதும், குன்றின் வாயிலிலிருந்த இடைக்காலக் கோபுரத்தை 1875இல் இடித்ததும் ரசனையின் காரியம். தொன்மை கலப்பில்லாமல் வேண்டியிருந்தது. பயணி வியக்கும் வெறுமை இவ்வாறு தயாரானது.

இன்றைய சீரமைப்பில் பொருத்திய புதுச் சலவைக்கல் வெளுப்பாகத் தனித்துத் தெரிகிறது. அழகைக் கெடுக்கிறதென்பார்கள். எனக்கு அந்த ஒட்டுதான் நேர்மையாகப் படுகிறது: இங்கே கை வைத்தோம் என்று ஒப்புக்கொள்கிறது. அகற்றிய கை எங்கும் தெரிவதில்லை. அதைத் தேடாத வியப்பு, அந்தக் கையோடு உடன்பட்டுவிடுகிறது.