பிழையைப் பங்கிடுவது

முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பகலில் சைட் வேலை, மாலையில் கல்லூரி என்று ஓடுகிற ஆளிடம் தண்டையார்பேட்டையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "வேலைதான் கையில இருக்கே, இனிமே எதுக்குப்பா டிகிரி?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஹார்பரிலும் மணலியிலும் எண்ணூரிலும் உழைத்துவிட்டு வருகிறவனுக்குச் சாயங்காலம் எவ்வளவு பெரிய சொத்து என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேலைக்காகப் படித்தேன் என்று சொல்ல முடியாது. ஐடிஐ சர்வேயர் டிரேடோ சிவில் டிப்ளமோவோ இருந்தால் அளக்கிற வேலை கிடைத்துவிடும். 2022இல் டிஎன்பிஎஸ்சி நில அளவர், வரைவாளர் பணிகளுக்கு 1,089 இடங்களை அறிவித்தபோது கேட்ட தகுதியும் அந்த அளவில்தான் இருந்தது. சம்பளத்துக்காக என்றால் பாதி உண்மை. டோட்டல் ஸ்டேஷனைத் தோளில் தூக்கிப்போய் நட்டு அளவெடுப்பவர் ஒருவர், அந்த அளவில் கையெழுத்துப் போடுபவர் வேறொருவர். இருவர் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு பட்டம் நிற்கிறது. மீதிப் பாதி, பல வருடமாகக் கை செய்துகொண்டிருந்த வேலைக்குக் காரணம் தெரிந்துகொள்ளும் ஆசை.

லெவல் ஓட்ட, அதாவது உயர வித்தியாசம் அளக்க, எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு மூத்த சர்வேயர். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் விடியற்காலையிலேயே போய் நிற்போம். வெயில் ஏறிவிட்டால் தார் ரோட்டின் மேல் காற்று அலையடித்து, ஸ்டாஃப் என்கிற அளவுகோலில் இருக்கும் எண்கள் நடுங்கும். கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் போதும், டிரைபாட் அதிர்ந்து குமிழி நடுவை விட்டு நகரும். லாரி போகிறவரை காத்திருந்து, குமிழியைப் பார்த்துவிட்டு, மறுபடி படிப்போம். அவர் சொல்லித் தந்த பாடம் ஒன்று: பின்னால் இருக்கும் ஸ்டாஃபுக்கும் முன்னால் இருக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவில் கருவி நிற்க வேண்டும். "ரெண்டு பக்கமும் ஒரே தூரம் வச்சுக்கப்பா, மீதிய அதுவே பார்த்துக்கும்." ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்" என்பார்.

பல வருடம் கழித்து, கிண்டியில் பகுதிநேர பி.இ. வகுப்பில் அதற்கு விடை கிடைத்தது. பேராசிரியர் பலகையில் ஒரு வளைவு வரைந்தார். பார்வைக்கோடு நேராகப் போகிறது, பூமி அதன் கீழே வளைந்து விலகுகிறது. காற்று அந்தக் கோட்டைக் கொஞ்சம் கீழே வளைத்து அதில் ஒரு பங்கைச் சரிக்கட்டுகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 67 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். நூறு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. முன்னும் பின்னும் தூரம் சமமாக இருந்தால் இந்த வித்தியாசமும், கருவியின் பார்வை லேசாகச் சாய்ந்திருந்தால் வருகிற பிழையும், கழித்தலில் அடிபட்டுப் போய்விடும். 'அதுவே பார்த்துக்கும்' என்று அவர் சொன்னது இதைத்தான். பூமி வளைந்திருப்பதற்கான ஏற்பாட்டை அந்த மனிதர் தினமும் ரோட்டோரத்தில் செய்துகொண்டிருந்தார்! மறுநாள் டீக்கடையில் அவரிடம் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மண்ணில் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பதினெட்டு வயதில் அந்தப் பாடம் ஒரு சூத்திரமாகத்தான் எனக்குள் போயிருக்கும். வேலை முந்தி, காரணம் பிந்தி என்கிற வரிசையில் படிக்கிறவனுக்கு மட்டுமே இந்தச் சந்தோஷம் கிடைக்கிறது. காசிமேட்டுக்கு வடக்கே கரை ஏன் அரிக்கிறது என்பதும் அப்படித்தான். துறைமுகம் வந்தபிறகுதான் மணல் போயிற்று என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எப்போதும் சொல்வார்கள். ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறிக்கிறது, மெரினா அகலமாகிறது, நம் பக்கம் கரைகிறது, அதற்காகத்தான் தூண்டில் வளைவுகள் என்று வகுப்பில் படித்தபோது, தெருவில் கேட்ட பேச்சுக்குக் கணக்கு கிடைத்தது.

வேலையோடு படிப்பது சென்னைக்குப் புதிது இல்லை. 1794இல் மைக்கேல் டாப்பிங் இங்கே சர்வே பள்ளி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் எட்டுப் பையன்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது, அந்தப் பையன்கள் பயிற்சி பெறுகிறவர்களாக அளந்துகொண்டே கற்றார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்ஜினியரிங் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குப் போனது. அதே கிண்டியில் இன்று சர்வே சார்ந்த ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பட்டம் பகலில் படிக்கிறவர்களுக்குத்தான். வேலையில் இருக்கிற சர்வேயர் மாலையில் சிவில் எடுத்துத்தான் தேற வேண்டும்.

மற்ற கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் ஏ.எம்.ஐ.இ. இருந்தது. ஷிஃப்ட் முடித்து வந்து சொந்தமாகப் படித்துத் தேர்வெழுதலாம், பாஸானால் இன்ஜினியர். தேர்வு கடினம், ஆனால் நாணயமான வழி. 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களோடு அதற்கான அரசு அங்கீகாரம் நின்றது. தபால்வழியில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தந்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அது சரியென்றே நினைக்கிறேன். தியோடலைட் கருவியைத் தபாலில் கற்க முடியாது. ஆனால் ஒரு கதவை மூடும்போது, வேலை செய்கிறவர்களுக்காக மாலைக் கல்லூரிகளைப் பெருக்கியிருக்க வேண்டும். அப்போது அதை யாரும் செய்யவில்லை.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். டிராவர்ஸ் ஓட்டும்போது ஒரு புள்ளியில் தொடங்கி, யார்டைச் சுற்றி, மறுபடி அதே புள்ளிக்கு வருவோம். கணக்குப் போட்டால் தொடங்கிய இடமும் முடித்த இடமும் பொருந்தாது, சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அதுதான் குளோசிங் எரர். பிழையே இல்லாத அளவை இந்தத் தொழிலில் யாரும் கேட்பதில்லை. வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால், அதை ஒரே கோட்டின் தலையில் கட்டாமல், எல்லாக் கோடுகளுக்கும் அதனதன் நீளத்துக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுப்பார்கள்.

இந்த விதியைச் சொன்ன நதானியேல் பௌடிச் அமெரிக்காவின் சேலத்தில் 1773இல் பிறந்தவர். பத்து வயதில் பள்ளியை விட்டு, அப்பாவின் பீப்பாய்ப் பட்டறையில் நின்றார். பன்னிரண்டு வயதில், கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். நம் ராயபுரம் பக்கம் இருக்கிற கடைகள் மாதிரிதான் அதுவும். நியூட்டனைப் படிப்பதற்காகத் தானாகவே லத்தீன் கற்றுக்கொண்டார். கடலோடிகளுக்கான புத்தகத்தை 1802இல் வெளியிட்டார். நம் பரங்கிமலை அருகே சர்வேயர் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்ததும் அதே ஆண்டுதான். கல்லூரி வாசலை மிதிக்காத பௌடிச்சுக்கு அந்த வருடமே ஹார்வர்டு ஒரு கௌரவப் பட்டம் கொடுத்தது. அளவைப் பிழையைப் பங்கிடும் விதியை 1808இல் எழுதினார்.

பரீட்சைக்கு முந்தைய ஒரு ராத்திரி, மனதில் நிற்கட்டும் என்று இந்த விதியை என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கணக்கு முழுவதும் எழுதுகிறவள் அவள்தான். சட்டென்று பிடித்துக்கொண்டாள். "நீளமான லைனுக்கு அதிகப் பங்கு, சின்னதுக்குக் கம்மி, ஆனா எல்லாத்துக்கும் உண்டு. அதானே?" ஆமாம் என்றேன். "அப்ப, நீங்க வீட்ல இல்லாத நேரம் மட்டும் ஏன் ஒரே லைன்ல வந்து விழுது?"

கோபமாகக் கேட்கவில்லை. என்னோடு படித்தவர்களின் வீடுகளை நினைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே கதைதான். தண்ணி லாரி வரும்போது குடத்தோடு ஓடுவது, பிள்ளையின் ஹோம்ஒர்க், மாமியாரின் சுகர் மாத்திரை, ரேஷன் கடை, எல்லாம் ஒரே பெண்ணின் தலையில். ஏழு செமஸ்டர் முடிந்ததும் தெருமுனையில் வைக்கிற பேனரில் ஆணின் முகம் மட்டும் இருக்கும். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபிறகு எனக்குப் பயணம் சுலபமாயிற்று. சின்னமலையில் ஏறி உட்கார்ந்தால் தண்டையார்பேட்டை வரை புத்தகம் விரிக்கலாம். அவளுக்கு அப்படி எதுவும் சுலபமாகவில்லை.

அன்றிரவு நோட்டின் பின்பக்கத்தில் வாரத்தை எழுதிப் பிரித்தோம். என் தம்பிக்கு ரேஷன். அம்மாவின் மாத்திரை டப்பா என் பொறுப்பு. சனிக்கிழமை அரை நாள் வேண்டுமென்று ஆபீஸில் கேட்டேன், வேறு நாட்களில் கூடுதல் நேரம் நிற்பதாகச் சொன்னதும் கொடுத்தார்கள். படிக்கப் போகிற ஆண்கள் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இந்தத் தாளை எழுதிவிடுவது நல்லது. "என்னால் முடியுமா" என்பதைத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். முடியாமல் போகிற மிச்சத்தை யார் சுமப்பார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு.

அவள் பி.காம். இரண்டாம் ஆண்டில் கல்யாணத்துக்காக நிறுத்தியவள். நான் முடித்த வருடமே தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்தாள். அந்த நோட்டில் இப்போது புதுப் பக்கம், நீளமான கோடு என்னுடையது. அடுத்த வாரம் அவளுக்குக் காஸ்டிங் பரீட்சை. அன்றைக்குச் சைட்டில் காங்கிரீட் போடுகிறார்கள், லெவல் பார்க்க நான் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், எனக்குப் பதிலாக நிற்க அந்த மூத்த சர்வேயரைக் கேட்டிருக்கிறேன்.