கருத்துச் சந்தை

அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் அரசியற் சாசனத்தில் 1791-ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற முதலாவது திருத்தம், பேச்சுரிமையையும் பத்திரிகையுரிமையையும் குறைக்கும் சட்டம் எதனையும் காங்கிரஸ் இயற்றலாகாது என விதிக்கின்றது. ஆயின் ஏட்டிலுள்ள விதி யுத்தகாலத்தில் என்னவாயிற்று? 1918-இல் ஒஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில் யுத்தத்தைக் கண்டித்துப் பிரசங்கம் புரிந்த சமதர்மத் தலைவர் யுஜீன் டெப்ஸ் என்பாருக்குப் பத்தாண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. 1919 மார்ச்சு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் அத்தண்டனையை ஏகமனதாய் உறுதிசெய்தனர். அத்தீர்ப்பை வரைந்தவர் நியாயாதிபதி ஹோம்ஸ்.

எட்டுத் திங்கள் சென்றன. ரஷ்யாவுக்குப் படையனுப்புதலைக் கண்டித்து நியூயார்க்கில் துண்டுப் பிரசுரம் வெளியிட்ட ஏழைக் குடியேறிகள் சிலரின் வழக்கு அதே மன்றத்துக்கு வந்தது. அவருட் சிலருக்கு விதிக்கப்பட்டிருந்த தண்டனை 20 ஆண்டு! நியாயாதிபதிகள் எழுவர் அதனை ஆதரித்தனர். ஹோம்ஸும் பிராண்டைஸும் மாறுபட்டனர். மனிதர் உயிரினும் மேலாகப் பற்றி நின்ற நம்பிக்கைகள் பலவற்றைக் காலம் கவிழ்த்துவிட்டது. ஆதலின் சந்தைப் போட்டியில் ஏற்றுக்கொள்ளப்படும் ஆற்றலே ஒரு கருத்தின் உண்மைக்குத் தக்க சோதனை என்பது ஹோம்ஸின் வாதம்.

இவ்வாதத்தின் முற்பகுதி நமக்கு உடன்பாடே. பிற்பகுதியோ ஐயத்திற்கிடமானது. அடிமை முறை நியாயமே என்னும் சரக்கு அந்நாட்டிலேயே தலைமுறை தலைமுறையாய் நல்ல விலைக்குப் போயிற்றன்றோ? 1837-இல் இல்லினாய் மாகாணத்து ஆல்டன் நகரில் அதனைக் கண்டித்தெழுதிய பத்திரிகாசிரியர் லவ்ஜாயின் அச்சுப்பொறியை உடைத்து, அவரையும் ஒரு கும்பல் கொன்றொழித்தது. கடையையே இடித்துவிட்டபின் போட்டியேது? பொருளுடையான் கடைத்தெரு முழுவதையும் வாங்கிவிடக்கூடும் என்னும் அச்சமும் உண்டு. தேர்தற் பிரசாரத்தில் கம்பெனிகள் தாமே செலவிடுவதற்கு எல்லை வகுத்தலாகாதென்று 2010-இல் அம்மன்றம் தீர்ப்பளித்த பின்னர் அவ்வச்சம் வளர்ந்தது.

அங்ஙனமாயின், தீய பேச்சைச் சர்க்கார் தடுத்தலே முறையோ? இங்குதான் நாம் தயங்குகின்றோம். 1977-இல் சிக்காகோவை அடுத்த ஸ்கோக்கி என்னும் ஊரில் நாஜிக் கூட்டத்தார் சிலர் ஊர்வலம் வர விழைந்தனர். ஹிட்லரின் கொலைமுகாம்களுக்குத் தப்பிப் பிழைத்த யூதர் பலர் வாழ்ந்த ஊர் அது. ஊராட்சியார் 350,000 டாலர் காப்புறுதி கேட்டனர். நாஜிகளுக்காக வழக்காடியது அமெரிக்கக் குடிமக்கள் சுதந்தரச் சங்கம். வாதாடிய வழக்கறிஞர் ஒரு யூதர். சங்கத்தின் அப்போதைய நிர்வாகி நெயரோ, குழந்தைப் பருவத்திலேயே நாஜி ஜெர்மனியினின்று தப்பி வந்தவர். அங்கத்தினர் ஆயிரக்கணக்கில் விலகியும் சங்கம் பின்வாங்கவில்லை.

இது பித்தன்றோ என்பாருக்கு விடையாக அலபாமா மாகாணத்துப் பர்மிங்ஹாம் நகரைக் காட்டலாம். 1963-இல் அந்நகரத்து வெள்ளை அதிகாரிகள், உரிமை கோரி நடந்த கறுப்பின மக்களைச் சிறையிலடைக்கப் பயன்படுத்திய கருவியும் ஊர்வல அனுமதிச் சீட்டேயாகும். நல்லோரை விடுத்துத் தீயோரை மட்டும் வெட்டும் வாளை எந்தச் சர்க்காரும் செய்ததில்லை. உண்மை தானே வெல்லுமென்னும் நம்பிக்கையினாலன்று, வாளேந்துவோரிடத்து நமக்குள்ள அவநம்பிக்கையினாலேயே நாம் பேச்சுரிமையின் பக்கம் நிற்கின்றோம்.

எனினும் ஸ்கோக்கியில் வாழ்ந்த முதியோரின் நெஞ்சத்து நோவுக்கு இது மருந்தாகாது. 1978-இல் நியாயஸ்தலங்கள் நாஜிகளின் உரிமையை ஒப்பின; அவர்களோ ஸ்கோக்கிக்கு வாராமல் சிக்காகோவில் கூடிக் கலைந்தனர். அம்முதியோர் வாளாவிருந்தாரல்லர். 1981-இல் தமக்கென ஒரு ஸ்தாபனம் கண்டனர். பின்னர் அவ்வூரிலேயே சிறு காட்சிசாலை ஒன்று திறந்து, தாம் கண்டதையெல்லாம் பள்ளிச் சிறாருக்குத் தம் வாயாலேயே எடுத்துரைத்தனர்.