இரு தேசங்களும் ஓர் அளவுகோலும்

மும்பை மான்குர்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், ஒருநாள் சத்சங்கம் முடிந்ததும் தம் மனத்தை உறுத்திய கேள்வி ஒன்றை முன்வைத்தார். அவருடைய மகன் நார்வே நாட்டில் பணிபுரிகிறான். "அப்பா, இங்கே காற்றும் நீரும் தூய்மை, மருத்துவத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அம்மாவும் நீங்களும் அந்த நெரிசலில் ஏன் அவதிப்பட வேண்டும்?" என்று தொலைபேசியில் கேட்டானாம். "அங்கே வசதி இருக்கிறது; இங்கே நிம்மதி இருக்கிறது" என்று இவர் பதில் கூறிவிட்டார். சொன்ன பிறகுதான் ஐயம் எழுந்தது. "நான் சொன்னது உண்மையா? அல்லது என்னை நானே தேற்றிக்கொண்டேனா?" என்பதே அவர் கேள்வி.

இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிவிட்டு வாழும் இல்லங்கள் பலவற்றில் இன்று எழும் கேள்வி. எனவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 முதல் மனித மேம்பாட்டுக் குறியீட்டை வெளியிட்டு வருகிறது. அதை உருவாக்கியதில் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், நம் நாட்டின் அமர்த்திய சென் ஆகியோரின் பங்கு பெரிது. அது மூன்றை அளக்கிறது: நோயற்ற நீண்ட ஆயுள், கல்வி, வருவாய். 2025-இல் வெளியான அறிக்கையில் 193 நாடுகளுள் நார்வே இரண்டாம் இடத்தில் உள்ளது. இந்தியா 130-ஆம் இடத்தில். அங்கே பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 83 ஆண்டுகள். இங்கே சுமார் 72.

'ஆயுளையும் பணத்தையும் வைத்தா வாழ்க்கையை அளப்பது? நம்முடையது ஆன்மிக நாடு அல்லவா?' என்று சிலர் கேட்பர். ஆனால் நம் சாஸ்திரம் என்ன கூறுகிறது? தைத்திரீய உபநிஷதத்தின் பிரம்மானந்தவல்லி, ஆனந்தத்தை அளக்கப் புகுகிறது. மனித ஆனந்தத்தின் ஓர் அளவு எது என்பதற்கு அது காட்டும் உதாரணம் வறுமையில் வாடும் துறவி அல்லர். இளமையும் உடல் வலிமையும் மன உறுதியும் கொண்ட, நன்கு கற்ற, செல்வம் நிறைந்த பூமி முழுவதையும் உடைய, நற்குணமுள்ள இளைஞனையே அது காட்டுகிறது. உடல்நலம், கல்வி, செல்வம் என்று இக்காலக் குறியீடு அளக்கும் மூன்றும் அங்கே உள்ளன. இம்மூன்றையும் ரிஷிகள் இகழவில்லை, முதற்படியாக வைத்தார்கள். அவற்றோடு, குறியீட்டில் இல்லாத நற்குணத்தையும் சேர்த்தார்கள். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு படியின் ஆனந்தமும், ஆசையால் தாக்கப்படாத வேதம் உணர்ந்தவனுக்கும் உரியது என்றார்கள்.

இங்குதான் நாம் தவறு செய்கிறோம். ஆசையின்மை என்பது ஒருவன் தானே மனமுவந்து ஏற்கும் நிலை. அதை அடுத்தவனுடைய பசிக்கு மருந்தாக நாம் எழுதிக் கொடுக்க இயலாது. தனக்கு வேண்டாம் என்பது துறவு; பிறனுக்கு வேண்டாம் என்பது கல்நெஞ்சம்.

இரு தேசங்களை எவ்வாறு ஒப்பிட வேண்டும் என்பதைச் சுவாமி விவேகானந்தர் நமக்குக் காட்டியுள்ளார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலான இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய பொருளும் துணைநிற்க, 1893 மே 31 அன்று அவர் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து அளசிங்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அந்நாட்டில் தாம் கண்டவற்றுள் மிகச் சிறந்தது என்று அதில் அவர் குறிப்பிட்டது வானளாவிய மாளிகையை அன்று; பெண்களுக்கான ஒரு சிறைச்சாலையை! குற்றவாளிகள் அங்கே பரிவோடு நடத்தப்பட்டுத் திருத்தப்படுவதைப் போற்றிய அவர், நம் நாட்டில் ஏழைகளும் தாழ்த்தப்பட்டவர்களும் நடத்தப்படும் விதத்தை எண்ணி நெஞ்சம் வெதும்பினார். மனிதனின் மாண்பை நம் மதம் போல் உயர்வாகப் பேசும் மதமும் இல்லை, எளியவர்களை நம்மைப் போல் மிதித்தவர்களும் இல்லை என்று வருந்தினார். ஒரு நாட்டின் தரத்தை அதன் கடைசி மனிதனிடத்தில் சென்று அளந்தார் அவர். உபநிஷதம் சேர்த்த நற்குணத்தை அளக்கும் இடம் அதுவே.

அந்த அளவுகோலோடு மேலைநாடுகளைப் பார்த்தால் அங்கும் குறை உண்டு. முதியோர் முதலானோரின் தனிமைத் துயரைக் கவனிக்க, 2018-இல் பிரிட்டன் ஓர் அமைச்சரையே நியமித்தது; 2021-இல் ஜப்பானும் அவ்வாறே செய்தது. ஆனால் அவர்களுடைய குறை நம்முடைய நிறை ஆகிவிடாது.

இனி மான்குர்தைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில், மாநகராட்சியின் 24 வார்டுகளுள் மான்குர்த் அடங்கிய எம்-கிழக்கு வார்டுக்கே கடைசி இடம். ஹார்பர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தென்மும்பை வந்துவிடும். அங்குள்ள மலபார் ஹில்லுக்கும் இதற்கும் இடையே உள்ள தொலைவோ இரு தேசங்களுக்கு இடையே உள்ள தொலைவு. ரயில் பாதையோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் பலர், 2000-களில் மான்குர்தின் லல்லுபாய் காம்பவுண்டில் குடியமர்த்தப்பட்டனர். உறுதியான சுவரும் குழாயும் கழிப்பறையும் கிடைத்தன. ஆனால் கட்டடங்கள் மிக நெருக்கமாக எழுப்பப்பட்டதால் கீழ்த்தளங்களில் வெயிலும் காற்றும் புகவில்லை. இத்தகைய அமைப்புக்கும் அங்கு காசநோய் பரவுவதற்கும் தொடர்புண்டு என்று 2018-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. சூரியன் தாராளமாக ஒளி வழங்கும் நாட்டில், ஏழையின் வாசலுக்கு அவ்வொளி வராமல் தடுத்தவர்கள் மனிதர்களே. இதையும் நிம்மதி என்று சொல்வோமா?

அன்பர் இவற்றையெல்லாம் கேட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "எங்கள் கீழ்வீட்டில் காசநோயால் வருந்தும் ஓர் இளைஞன் இருக்கிறான். மாடிப்படி இறங்கும்போது பார்ப்பேன், பேசியதில்லை" என்றார். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் ஆறு மாதங்களோ அதற்கு மேலுமோ தவறாமல் உட்கொள்வதற்கு உடனிருந்து ஊக்கமளிக்க ஒருவர் வேண்டும். சத்தான உணவும் வேண்டும். 2022-இல் அரசு தொடங்கிய நிக்ஷய் மித்ரா திட்டத்தின் மூலம், நோயாளி ஒருவருக்குச் சத்துணவு அளிக்கும் பொறுப்பை எந்தக் குடிமகனும் ஏற்கலாம். அன்பர் அப்பணியை ஏற்றார்.

மகனுடன் மீண்டும் பேசியபோது அவர் இவ்வாறு கூறினாராம்: "நீ சொன்னது சரிதானப்பா. உன் ஊர் பலவற்றில் உயர்ந்தது; அதிலிருந்து நாங்கள் கற்க வேண்டும். அங்கே உன் பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் முதியவர் யாரேனும் இருந்தால் நீயும் போய்ப் பேசு. எனக்கு இங்கே இப்போது பணி இருக்கிறது."

எந்த நாடு உயர்ந்தது என்ற வாதம் நம்மைப் பெருமையில் ஆழ்த்தலாம், அல்லது தாழ்வுணர்ச்சியில் தள்ளலாம். இரண்டாலும் பயனில்லை. நாம் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் நமக்குக் கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவருடைய நாள் நம்மால் சற்றேனும் நலமாயிற்றா என்று உறங்கச் செல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.