பெட்டியும் பிரமாணமும்

ஒன்றை மெய்யென்று கொள்வதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் வகுத்துத் தந்திருக்க, தேர்தல் முடிவைக் குடிமகன் இவற்றுள் எதனால் அறிகிறான் என்று நம் பிரசங்கிகள் ஏனோ விசாரிப்பதில்லை.

இலங்கையில் இன்றளவும் வாக்கு காகிதத்திலேதான். வெறும் பெட்டியை முகவர்களுக்குக் காட்டிப் பின் முத்திரையிடுவதும், மும்மொழியிலும் அச்சான சீட்டிலே புள்ளடியிடுவதும், அந்தச் சீட்டையே முகவர் முன்னிலையில் விரித்து எண்ணுவதும் காட்சியைச் சார்ந்த காரியங்கள். இந்தியாவில் 1982இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதல் புகுந்த வாக்கு இயந்திரமோ, எண்ணும் நாளில் ஒரு தொகையை மட்டும் சொல்லுகிறது, அது உரை. உரை பிரமாணமாவதற்குச் சொல்பவன் ஆப்தனாக, அதாவது பொருளை உள்ளபடி அறிந்தவனாகவும் வஞ்சிக்கும் விருப்பமற்றவனாகவும் இருத்தல் வேண்டும். இயந்திரத்துக்கு வஞ்சக எண்ணம் ஏது என்பார்கள் அதன் பக்தர்கள். மெய் சொல்லும் எண்ணமும் அதற்கு இல்லையே! அதன் வாயிலாகப் பேசுகிறவர் செய்தவரா, செய்நிரலை எழுதியவரா, பூட்டிக் காத்தவரா?

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டுகிறவளுக்கு இந்தத் தர்க்கத்தை எவரும் போதிக்க வேண்டியதில்லை. வாளியிலுள்ள லீற்றர் அவள் கண்ணுக்குத் தெரியும். அதில் தேறும் காய்ந்த இறப்பர் எவ்வளவென்பதை மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி காட்ட, அதைக் குனிந்து வாசித்து ஒருவர் ஏட்டில் எழுத, அவள் பெயருக்கு நேரே கிலோ விழுகிறது. கருவியோடு அவளுக்கு வழக்கில்லை; வாசிக்கும் கண்ணையும் எழுதும் கையையுமே பார்த்து நிற்கிறாள்.

விசேஷ அறிவில்லாத குடிமகனும் தேர்தலின் முக்கிய படிகளைச் சரிபார்க்கக்கூடியதாயிருத்தல் வேண்டுமென்று 2009 மார்ச் 3இல் ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த நியாயத்தாலேயே. இந்தியாவில், இட்ட வாக்கைக் காட்டிக் கண்ணாடிக்குப் பின்னே 7 விநாடி தோன்றி மறையும் தாள் காட்சியை ஓரளவு மீட்டுத் தந்ததாயினும், சட்டமன்றத் தொகுதிக்கு 5 இயந்திரங்களின் தாள்களே எண்ணப்படுவதால் மற்றவை கருதலளவையாக, அதாவது அனுமானமாக, ஆகிவிடுகின்றன. அது குற்றமன்று, ஆனால் அதைக் காட்சியென்று சொல்லலாகாது.

காகிதத்தைக் கும்பிடுவோரும் அவசரப்பட வேண்டாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே அபாவத்தையும், அதாவது இன்மையையும், அளவைகளுள் எண்ணிப் பின்பு மூன்றினுள் அடக்குவார். 1947இல் மலைநாட்டிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸார் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்ட மக்களில் மிகப் பலரை, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் வாக்காளர் இடாப்பிலிருந்து விலக்கின. 1952இல் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஒரு சீட்டும் பிசகாமல் எண்ணப்பட்டிருந்தாலும், முத்திரையைப் பரிசோதித்து அந்த அநீதியை எந்த முகவர் கண்டுபிடித்திருக்க முடியும்? இல்லாத பெயரை, இருந்திருக்க வேண்டுமென்று அறிந்து தேடுகிறவனே காண்பான். அதனாலேயே, 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய பின்னும், லயத்து முதியவர்கள் தேர்தல் நெருங்கினால் பெட்டியையோ கருவியையோ பற்றி வினவுமுன், தங்கள் பெயர் இடாப்பில் ஏறியிருக்கிறதா என்றே கிராம சேவகரிடம் கேட்கிறார்கள்.