யாருடைய செலவில் இந்தப் பயணம்?

இனாம் என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே மனிதன் மகிழ்கின்றான். மகிழ்ச்சி இயல்பானதே. ஆனால் விலையின்றி ஒருவன் கைக்கு வந்து சேரும் பொருள், விலை பெறாமலே வேறொருவன் கையிலிருந்து போன பொருளாக இருத்தல் கூடுமன்றோ? உழைப்பின்றி எப்பொருளும் உண்டாவதில்லை என்பதை ஒப்புக்கொண்ட எவரும் இக்கேள்வியைத் தட்டிக் கழித்தல் இயலாது. இதனை வானத்திலிருந்து பிடித்து இழுத்துவந்து நாம் பேசவில்லை. கடனட்டையால் பொருள் வாங்க வாங்க "மைல்"கள் சேரும், சேர்ந்த மைல்களைக் கொண்டு விமானத்தில் இனாமாகப் பறக்கலாம் என்னும் ஏற்பாடு இன்று நம்முடைய ஆசிரியர் ஓய்வறைகளுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆகவேதான் பேச வேண்டியிருக்கின்றது.

நற்பிட்டிமுனையிலும் அதனைச் சூழ்ந்த கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிலும் கடனட்டை ஒரு காலத்தில் கொழும்புக் கனவான்களின் சங்கதி. இன்று நிலைமை வேறு. மாதந்தோறும் தவறாது சம்பளம் வரும் அரசாங்க ஊழியரை வங்கிகள் தேடிப் பிடிக்கின்றன. ஆசிரியரைவிட நம்பத்தக்க கடனாளி வேறு யார்? அட்டையை நீட்டும் வங்கி உத்தியோகத்தர் வட்டியைப் பற்றி மெல்லப் பேசுவார். விமானத்தைப் பற்றி உரக்கப் பேசுவார். உம்றாவுக்குப் போக ஆசைப்படும் ஆசிரியரும், பாண்டிருப்பிலிருந்து காசிக்குப் போக விரும்பும் அன்பரும் அப்பேச்சில் மனம் இளகிவிடுகின்றனர். புனிதப் பயணத்துக்கே மைல் உதவுமாயின் அதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த மைல் பிறந்த கதையை முதலில் அறிதல் நலம். 1950இல் நியூயோர்க் நகரில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. 1958இல் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவிலுள்ள ஃபிரெஸ்னோ என்னும் நகரத்தில், கேளாமலே ஏறத்தாழ 60,000 பேருக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பிவைத்தது. கேளாதவன் வாசலுக்குக் கடனைக் கொண்டுபோய் நிறுத்தும் வழக்கம் அன்று தொடங்கியது. 1981இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் தன் வாடிக்கையாளரைத் தன்னிடமே பிணைத்து வைத்திருக்கும் பொருட்டு மைற்கணக்குத் திட்டத்தை ஆரம்பித்தது. 1987இல் சிற்றிபாங்க் அத்திட்டத்தோடு கடனட்டையை இணைத்தது. இங்கேதான் விடயத்தின் முடிச்சு இருக்கின்றது. அதுவரை பறந்தவனுக்குக் கிடைத்த மைல், அதன்பின் பறவாமலே அரிசியும் சீனியும் வாங்கியவனுக்கும் கிடைக்கலாயிற்று. விமானக் கம்பனி மைல்களை உண்டாக்கி வங்கிக்குக் காசுக்கு விற்கின்றது. வங்கி அவற்றைத் தன் வாடிக்கையாளருக்குப் பகிர்கின்றது. நாணயம் அச்சிடும் உரிமை அரசுக்கே உண்டென்று பாடநூலில் படிப்பிக்கின்றோம். விமானக் கம்பனிகளோ தமக்கென்று ஒரு நாணயத்தை அச்சிட்டு, அதன் பெறுமதியைத் தாம் விரும்பியபோது குறைத்தும் கொள்கின்றன. 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபொழுது அமெரிக்காவின் யுனைட்டட் நிறுவனம் கடன் பெறுவதற்கு ஈடாக வைத்தது தன் மைல் திட்டத்தை என்றால், இவ்வியாபாரத்தின் பருமனை ஊகித்துக் கொள்ளலாம்.

நமது நாட்டிலும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் ஃபிளைஸ்மைல்ஸ் என்ற பெயரில் இத்தகைய திட்டமொன்றை நடத்துகின்றது. அக்கம்பனி 2014 மே மாதத்தில் வன்வேர்ல்ட் என்னும் கூட்டணியில் சேர்ந்ததனால், இங்கு சேர்த்த மைலைக் கொண்டு பிறநாட்டு விமானங்களிலும் பறத்தல் கூடும்.

வங்கி மைலைக் காசு கொடுத்து வாங்குகின்றதென்றோம். அக்காசு எங்கிருந்து வருகின்றது? வங்கி முதலாளியின் சட்டைப் பையிலிருந்து வருகின்றதென எண்ணுவோர் நம் வாசகரில் ஒருவரும் இரார். அது வரும் வாய்க்கால்களுள் பெரியவை இரண்டு. ஒன்று கடைக்காரரிடம் அறவிடும் கழிவு. அட்டையால் நூறு ரூபாவுக்குப் பொருள் வாங்கினால் கடைக்காரரின் கைக்கு நூறும் போவதில்லை. இரண்டோ மூன்றோ இடையிலே நின்றுவிடும். அந்த இழப்பை அவர் பொருளின் விலையிலே ஏற்றுகின்றார். ஏற்றிய விலையை அட்டைக்காரனும் கொடுக்கின்றான்; காசுக்காரனும் கொடுக்கின்றான். அட்டைக்காரனுக்கு அதில் ஒரு பகுதி மைலாகத் திரும்பி வருகின்றது. காசு கொடுத்தவனுக்கு எதுவும் வருவதில்லை. 2010இல் அமெரிக்காவின் பொஸ்ரன் மத்திய ஒதுக்கு வங்கியின் ஆய்வாளர் இதனைக் கணக்கிட்டனர். காசால் வாங்கும் குடும்பமொன்று ஆண்டுக்குச் சராசரி 149 டொலரை அட்டைக் குடும்பங்களுக்குக் கொடுப்பதாகவும், அட்டைக் குடும்பமொன்று சராசரி 1,133 டொலரைப் பெறுவதாகவும் அவர்கள் கண்டனர். இல்லாதவனிடமிருந்து இருப்பவனுக்குப் பாயும் இவ்வாற்றுக்கு ஓசையே கிடையாது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே கல்முனைச் சந்தைக்குக் கொண்டுவருதல் தவறாகும். நம்முடைய சில்லறைக் கடைகளில் இன்றும் காசும் கொப்பிக் கடனும்தான். மீன் வியாபாரியிடம் அட்டையை நீட்டினால் அவர் சிரிப்பார். அட்டை செல்லுமிடங்கள் பெரிய அங்காடி, எரிபொருள் நிலையம், தனியார் வைத்தியசாலை, நகைக்கடை, மின்சாதனக் கடை போன்றவையே. ஆனால் அங்காடியிலே பால்மா வாங்கும் வயற் கூலியாளும், தனியார் வைத்தியசாலையில் தாயைச் சேர்ப்பிக்கும் தறிக்காரரும் நம்மோடு அதே விலையைத்தான் கொடுக்கின்றனர். வேறு சில கடைகளில், "சேர், காட் என்றால் மூன்று வீதம் கூடும்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றனர். கடைக்காரக் காக்காவை நாம் கோபிக்கின்றோம். உண்மையில் அவர் அட்டையின் செலவை அட்டைக்காரன் தலையிலேயே வைக்கின்றார், காசுக்காரனைக் காப்பாற்றுகின்றார். அங்கே மைலுக்காக மூன்று ரூபா கொடுத்து ஒரு ரூபாவும் பெறாத பொருளை வாங்குபவர் படித்த ஆசிரியராக இருப்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது வாய்க்கால் வட்டி. அதில்தான் வெள்ளம் அதிகம். 2020 ஓகஸ்ட்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என உச்சவரம்பு விதித்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் வரம்பு நீக்கப்பட்டு, வட்டி 30 வீதமும் அதற்கு மேலுமாயிற்று. 2023 ஓகஸ்ட்டில் மீண்டும் 28 வீத வரம்பு வந்தது. இந்த வட்டியைக் கட்டுபவர் யார்? பத்தாந் திகதியோடு சம்பளம் தீர்ந்துபோகும் ஊழியர். மகளின் கலியாணச் செலவை அட்டையிலே போட்டுவிட்டு ஆகக்குறைந்த தொகையை மட்டும் மாதாமாதம் செலுத்துபவர். முழுத் தொகையையும் உரிய திகதியில் செலுத்திவிட்டு மைல் மட்டும் சேர்ப்பவரிடம் வங்கிக்கு அத்துணை இலாபம் இல்லை. அவருடைய பயணச்சீட்டின் விலையில் பெரும்பங்கைத் தவணை தவறிய அவருடைய சக ஊழியரே செலுத்துகின்றார். இருவரும் ஒரே ஓய்வறையில் ஒரே தேநீரைக் குடிக்கின்றனர். ஒருவர் மற்றவரின் செலவிலே பறக்கப் போவதை இருவரும் அறியார்.

மார்க்கப் பற்றுள்ள நண்பர்கள் இங்கு வட்டியின் விலக்கை நினைவூட்டுவர். 2000ஆம் ஆண்டு றியாத்திலே கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் சபை, வட்டி நிபந்தனையுள்ள கடனட்டையை, தவணைக்குள் முழுவதும் செலுத்தும் எண்ணமுடையவர் கூடப் பெறலாகாது எனத் தீர்மானித்தது. "நாம்தான் வட்டி கட்டுவதில்லையே" என்ற சமாதானத்தை அது ஏற்கவில்லை. வேறு கருத்துடைய அறிஞரும் உளர். அவ்வாதத்தில் நுழைய நமக்குத் தகுதியில்லை. ஆயினும் அத்தீர்மானத்தில், நம்பிக்கை உடையவரும் இல்லாதவரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. ஒரு செயலின் நன்மை தீமையை அதனைச் செய்பவனின் தனிக்கணக்கை மட்டும் பார்த்துத் தீர்மானித்தல் இயலாது. அவன் எந்த ஏற்பாட்டினுள் நின்று அதனைச் செய்கின்றான் என்பதையும் பார்க்கவேண்டும்.

இதற்கு எழும் மறுப்பு வலியது. "நாம் எவரையும் ஏமாற்றவில்லை. நாம் அட்டையை முறித்தெறிந்தால் அங்காடியின் விலை ஒரு சதமேனும் குறையப் போவதில்லை. கடனாளியின் வட்டியும் குறையாது. அந்த மைல் வேறொருவனுக்குப் போகும். பின் ஏன் துறக்க வேண்டும்?" இம்மறுப்பைச் சோம்பலென்று தள்ளிவிடலாகாது. தனிமனிதத் துறவால் சமூக அமைப்பு மாறாது என்று நாமே பலகாலும் சொல்லிவந்திருக்கின்றோம்.

நம்மூர் ஏலச்சீட்டை எடுத்துக்கொள்வோம். அவசரப்பட்டவர் கழிவு கூறிச் சீட்டை எடுக்கின்றார். அவர் விட்ட கழிவு மற்றவர்களுக்குப் பங்காகின்றது. இங்கும் ஒருவரின் இடுக்கண் மற்றவரின் ஆதாயமே. ஆனால் சீட்டில் முகங்கள் தெரியும். இம்மாதம் கழிவு விட்டவர் யார், எதற்காக விட்டார் என்பதைப் பெண்கள் அனைவரும் அறிவர். அடுத்த மாதம் அந்நிலை தமக்கும் வரலாம் என்பதையும் அறிவர். அவ்வறிவு கையை ஓரளவு கட்டுப்படுத்துகின்றது. கடனட்டையில் முகமில்லை. மனிதருக்கிடையேயுள்ள உறவு பண்டத்தின் குணம்போலத் தோற்றங்கொள்வதை 1867இலேயே மார்க்ஸ் "மூலதன"த்தின் தொடக்க அதிகாரத்தில் விளக்கினார். மைல் அதற்கு இன்று கிடைக்கும் துல்லியமான உதாரணம். வயற் கூலியாளின் மூன்று ரூபாவும் சக ஊழியரின் வட்டியும் ஒரு திரையிலே எண்களாகிப் பளபளக்கும்பொழுது, அது நம்முடைய சாமர்த்தியத்தின் பரிசென்று தோன்றுகின்றது. மைலைப் பெறுவதைவிட, அதை நமது கெட்டித்தனத்தின் கூலியென்று நம்பி, கடன்பட்டவரை "கணக்குத் தெரியாதவர்" என்று இகழத் தொடங்குவதே பெருந்தீங்கு என்பது நம் துணிபு.

இன்னொருவரையும் மறத்தல் ஆகாது. நமது கரையிலிருந்து விமானமேறுவோரில் பெருந்தொகையினர் சுற்றுலாக்காரர் அல்லர். வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் சாரதிகளும் கூலித் தொழிலாளருமே. இரவு முழுதும் வானில் குந்தியிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகும் அப்பெண்ணின் சீட்டை முகவர் எடுக்கின்றார். மைல் திட்டத்தில் அவள் பெயரைப் பதிந்துகொள்ள எவரும் அவளுக்குச் சொல்வதில்லை. வெளிநாட்டில் உழைப்போர் 2022இல் அனுப்பியது ஏறத்தாழ 380 கோடி டொலர். 2024இல் ஏறத்தாழ 660 கோடி டொலர். எரிபொருளும் மருந்தும் வந்தது அந்த டொலரால். விமானக் கம்பனியோ அரசுடையது. 2024 ஜூனில் முதிர்வடைய வேண்டியிருந்த அதன் 17.5 கோடி டொலர் பிணைமுறிக்கு உத்தரவாதமளித்தது அரசே. அரசு என்றால் 2024 ஜனவரி முதல் 18 வீதமான பெறுமதிசேர் வரியைக் கடையிலே கட்டும் அனைவரும் என்பது பொருள்.

ஆகவே அட்டையை வைத்திருப்போர்க்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. முழுத் தொகையையும் மாதந்தோறும் செலுத்த இயலாதவர்க்கு மைல் அட்டை நஞ்சு, அதை எடுக்கலாகாது. இயன்றவர் ஆண்டுக் கட்டணத்தையும், எத்தனை ரூபாவுக்கு ஒரு மைல் என்பதையும், மைல் காலாவதியாகும் நாளையும், "இனாம்" சீட்டுக்கும் காசாகக் கட்டவேண்டிய வரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கட்டும். பலருக்குக் கூட்டல் பொருந்தாது. சிறு கடையில் காசையே கொடுக்கலாம்.

அதற்கப்பால் உள்ளது தனிமனிதரால் ஆகாதது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் சட்டமியற்றி, அட்டைக் கொடுப்பனவில் வங்கிகள் தமக்குள் அறவிடும் கட்டணத்தைக் கடனட்டைக்கு 0.3 வீதமாகவும் வரவட்டைக்கு 0.2 வீதமாகவும் மட்டுப்படுத்தியது. கடைக்காரரிடம் அறுக்கும் கழிவு சுருங்கினால் மைல் வழங்கும் ஊற்றும் சுருங்கும். அதைப்பற்றி அழத் தேவையில்லை. இங்கும் அத்தகைய வரம்பைக் கேட்பதற்கு ஆசிரியர் சங்கங்களைவிடத் தகுந்தவர் யார்? சம்பள உயர்வுக்கு எழுதும் மகஜரில் இதற்கும் இரண்டு வரி இடமுண்டு.

அதுவரை வகுப்பறையில் செய்யக்கூடியது ஒன்றிருக்கின்றது. வட்டிக் கணக்கைக் கற்பிக்கும்பொழுது, பாடநூலில் வரும் பெயரற்ற கடனாளியை விட்டுவிட்டு, கடனட்டைக் கூற்றொன்றைக் கரும்பலகையில் எழுதலாம். கடன் 100,000 ரூபா. ஆண்டு வட்டி 28 வீதம். மாதந்தோறும் வட்டி சேர்ந்த மீதியில் 5 வீதம் மட்டும் செலுத்துகின்றார். புதிதாக எதுவும் வாங்கவில்லை. பன்னிரண்டு மாதங்களில் அவர் கட்டியது ஏறத்தாழ 52,800 ரூபா. மீதிக் கடன் ஏறத்தாழ 71,300 ரூபா. 24,000 ரூபாவுக்கு மேல் வட்டியாகப் போயிருக்கின்றது. இருநூறு ரூபாவுக்கு ஒரு மைல் எனக் கொண்டால், அவர் அக்கடனால் பெற்ற மைல் 500.