திருத்துவதா, எறிவதா?



கோபுரம் கட்ட எண்ணுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்ததை லூக்காஸ் நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே, கணக்குப் பார்ப்பது குற்றமன்று. கணக்கில் எவற்றைச் சேர்க்கிறோம், எவற்றை விட்டுவிடுகிறோம் என்பதிலேயே நம் மனம் வெளிப்படுகிறது.

ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு ஆசிரியராயிருந்து இளைப்பாறிய ஒரு தந்தையின் மேசை லாச்சியில், குமிழை முறுக்கி இயக்கும் பழைய நிறுத்தற் கடிகாரம் ஒன்று கிடக்கிறதென வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் முள் அசைவதில்லை. திருத்துபவர் கேட்கும் கூலிக்கு, மின்கலத்தில் ஓடும் புதியவை இரண்டு மூன்று வாங்கலாம் என்கிறான் மகன். தந்தை ஒன்றும் பேசவில்லை. யார் பக்கம் நியாயம்?

மகன் சொல்வது பொய்யல்ல. பழைய கடிகாரங்கள் பெரும்பாலும் ஒரு செக்கனை ஐந்தாக அல்லது பத்தாகவே பிரித்துக் காட்டும். புதியது நூறாகப் பிரிக்கும். 400 மீற்றர் வரையான ஓட்டங்களின் உலக சாதனைகளுக்கு, மின்னியற் கருவி தானாகக் கணித்த நேரமே 1977ஆம் ஆண்டு முதல் ஏற்கப்படுகிறது. ஓட்டப் போட்டிக்கு மட்டுமே வேண்டுமென்றால் புதியதை வாங்குவதே புத்தி. பிள்ளையின் படிப்புக்கோ நோயாளியின் மருந்துக்கோ வைத்த காசை எடுத்துப் பழையதைத் திருத்துவதும் முறையாகாது.

ஆயினும், தீர்ப்புச் சொல்லுமுன் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். உள்ளே ஒரு சுருள்வில், சில பற்சில்லுகள், இங்கும் அங்கும் ஊசலாடும் ஒரு சிறு சில்லு. பல வேளைகளில் ஒன்றும் உடைந்திராது. ஆண்டுக்கணக்காய்க் கிடந்த எண்ணெய் காய்ந்து, பிசினாகி, எல்லாவற்றையும் இறுகப் பிடித்திருக்கும். கழற்றிக் கழுவி, துளி புது எண்ணெய் இட்டால் மீண்டும் ஓடும். சுருள்வில் ஒடிந்திருந்தால், அளவானது கிடைத்தால் மாற்றலாம். ஊசலாடும் சில்லின் நுண்ணிய அச்சு முறிந்திருந்தாலோ, ஈரம் புகுந்து பற்களைத் துரு தின்றிருந்தாலோ செலவு ஏறும். ஆகவே, "எவ்வளவு?" என்று கேட்குமுன் "என்ன பழுது?" என்று கேளுங்கள்.

அதே நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், மூன்று ஆண்டுகளாய்க் கனி தராத அத்திமரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகச் சொல்கிறான். என்றென்றைக்குமாக அவன் கேட்கவில்லை. நேர்மையான ஒரு வாய்ப்பையே கேட்டான். கடிகாரத்துக்கும் அதுவே போதும். திறந்து பார்த்தபின் செலவு தாங்காதென்றால், ஓடாத கடிகாரத்தையும் கண்ணாடி அலுமாரியில் மரியாதையோடு வைக்கலாமே.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 செக்கனில் முடித்து, நம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தேடித்தந்தார் டங்கன் வைற். அந்நேரத்தை அளந்தவை கையால் அழுத்திய கடிகாரங்களே. அத்தகைய ஒன்றைக் கையிற் பிடித்தே, இல்ல விளையாட்டுப் போட்டிகளில் எத்தனையோ பிள்ளைகளை ஓடவைத்தவர் இந்தத் தந்தை. அவர் ஏன் மௌனமாயிருக்கிறார்? ஓடாததை எறியும் வீட்டில், நாளை தன் கால்கள் ஓயும்போது தன்னையும் இப்படித்தான் கணக்கிடுவார்களோ என்று அவர் அஞ்சக்கூடும். மகனின் கணக்கில் விடுபட்டது இதுவே.

பெற்றோரே, பிள்ளைகளே, பொருளுக்குச் செய்யும் செலவுக்கு எல்லை உண்டு. மனிதரிடத்தில் அந்த எல்லையை வைக்க நமக்கு உரிமையில்லை. எல்லைவேலிச் சண்டையில் பேச்சை நிறுத்திய சகோதரர் உங்களுக்கு உண்டா? மூலையில் படுத்திருக்கும் முதிய தாய் உண்டா? அங்கே உடைந்தது எது, வெறுமனே காய்ந்துபோனது எது என்று பாருங்கள். ஒரு நலம் விசாரிப்பு, அருகில் அரைமணி நேரம். பல வீடுகளில் அந்த ஒரு துளி எண்ணெயே குறைகிறது. இந்த வாரமே அதை இடுங்கள்.

கனி தராத நமக்கு இன்னும் ஓராண்டு தவணை தந்திருப்பவர் ஆண்டவரே என்பதை மறவாதிருப்போம்.